படியில் ஒரு கால்

டீ எனக்கு வேண்டாம் சார், நீங்கள் குடியுங்கள். டீ, காபி இரண்டையும் நான் விட்டுவிட்டேன். உடம்புக்கு ஆகாது என்பதற்காக இல்லை. காபியை டபராவில் ஊற்றி, டம்ளரில் ஊற்றி, ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் ஒரு மனுஷனின் காலைப் பொழுது எவ்வளவு வீணாகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அந்தக் காபி ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. அன்றைக்கே விட்டுவிட்டேன்.

என் பெயர் வைகுந்த். காருக்கு ஒயர் கட்டித் தருகிற இந்தக் கம்பெனியில் உதவி மேலாளர். விரயத்தைக் கண்டுபிடித்து ஒழிப்பது என் பிரிவின் வேலை. லைனில் ஒரு பெண் குனிந்து ஒயரை எடுக்கிறாள் என்றால், குனியாமல் எடுக்கிற உயரத்துக்குத் தட்டைத் தூக்கி வைப்போம். மிச்சமாகிற நேரத்தில் அவள் இன்னொரு ஒயரை எடுப்பாள். இதற்குத்தான் முன்னேற்றம் என்று பெயர். இதற்கு எனக்குச் சம்பளமும் தருகிறார்கள்.

டிரைவர் பச்சையப்பன் மேல் உள்ள குற்றச்சாட்டை விசாரிக்க நீங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். நான் ஏற்கெனவே ஒருமுறை வாக்குமூலம் கொடுத்துவிட்டேன், அதில் இருப்பது உண்மை இல்லை. அதனால்தான் இன்று நானாகவே கேட்டு வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சுருக்கமாகப் பேசுவதுதான் என் வழக்கமும். ஆனால் இந்த விஷயத்தைச் சுருக்கிச் சொன்னால் நான் ஏதோ கெட்டவன் மாதிரி ஆகிவிடும். எனவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நான் பிறவியிலேயே சோம்பேறி சார். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் என் அப்பா பராங்குசம் விடியுமுன் எழுந்து, குளித்து, திருமண் இட்டுக்கொண்டு கோயில் கைங்கரியத்துக்குப் போவார். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் போனார். அதை ஒரு பழக்கம் என்றோ சாதனை என்றோ அவர் சொல்லிக் கேட்டதில்லை. அவருக்குப் பிறந்த நான் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கே தாமதமாக எழுந்தவன். என் மனைவி வசுதா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். காட்டுவாள் என்பது தப்பு, காட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வருகிறேன்.

சேரப்பணஞ்சேரியில் புதிதாக மனை பிரித்த இடத்தில் வீடு கட்டிக் குடிவந்தோம். கம்பெனி பஸ் தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக வந்து, எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்று, ஒரகடம் தாண்டி வல்லம் வடகால் போகும். எங்கள் நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று வினோதினி. லைனில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி. என் வீடு நிறுத்தத்துக்குப் பின்னாலேயே. அவள் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், ஊருக்குள். நடுவில் அந்தப் பெரிய ரோடு. ராத்திரி பகல் இல்லாமல் லாரியும் டிரெய்லரும் ஓடுகிற ரோடு என்பது உங்களுக்கே தெரியும், அதில்தானே வந்தீர்கள்.

கம்பெனி பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நின்றால் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. இது எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் இந்தப் பக்கம் ஓடுகிற எல்லா வண்டியிலும் இதுதான் சட்டம். எனக்காக வினோதினி அப்படி நின்ற நாட்களுக்குக் கணக்கே கிடையாது. நான் மண்பாதையில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டு ஓடி வருவேன். அவள் படியில் கால் வைத்தபடி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"ண்ணா, இரு ண்ணா. சார் வந்துகினே கீறாரு. அதோ பாரு, ஷூவ கைல புட்சிகினு ஓடியாறாரு."

பச்சையப்பன் சிரிப்பார். "உங்க சாரு ஒருநாளாச்சும் ஷூவ கால்ல போட்டுகினு வருவாராம்மா?"

ஏறி உட்கார்ந்ததும் நான் அவளுக்கு நன்றி சொல்வேன். "பரவால்ல சார், ஒரு நிமிசத்துல இன்னா கொறஞ்சிடப் போவுது" என்பாள். அவள் வாழ்க்கைக் கொள்கையே அந்த ஒரு வாக்கியம்தான். அதில் அடங்கியிருக்கும் ஆபத்து அப்போது எனக்குப் புரியவில்லை.

புரிய வைத்தது ஒரு கோட்டுப் போட்டவர். மனிதவளப் பிரிவு அவரைக் கூட்டி வந்து கேன்டீன் ஹாலில் பேச வைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதிப் பேர் தூங்கினோம். "உங்கள் வாழ்க்கை உங்கள் கண் முன்னாலேயே ஒழுகிக்கொண்டிருக்கிறது" என்று அவர் ஒரு கத்துக் கத்தினார். தூங்கியவர்களில் விழித்துக்கொண்டவன் நான் ஒருவன்தான். அதை என் அதிர்ஷ்டம் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் எனக்குக் கீழே சேர்ந்த எழிலரசன் எனக்கு மேலே போயிருந்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து வேறு ஆள் ஆனேன். விடியுமுன் எழுவேன். பச்சைத் தண்ணீரில் குளிப்பேன், மார்கழியிலும் அதேதான். பல் துலக்கும்போதே உட்கார்ந்து உட்கார்ந்து எழுவேன், அதனால் பேஸ்ட் பாதி சட்டையில் இருக்கும். பிறகு கண்ணாடி முன்னால் நின்று என்னையே பார்த்து, "நீ சாதிக்கப் பிறந்தவன்" என்று உரக்கச் சொல்வேன். முதல் நாள் வசுதா யாரோ திருடன் புகுந்துவிட்டான் என்று துடைப்பத்தோடு வந்து நின்றாள். தொப்பையும் ஈரப் பனியனுமாக ஒரு சாதனையாளன் நிற்பதைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

சுயமுன்னேற்றப் பேச்சுகளை இரட்டை வேகத்தில் வைத்துக் கேட்பேன். ஒரு மணி நேரப் பேச்சு அரை மணியில் முடிந்துவிடும். அப்படிக் கேட்டுக் கேட்டு, சாதாரணமாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் எனக்கு இழுத்துப் பேசுவதாகத் தோன்ற ஆரம்பித்தது. வசுதா பக்கத்து வீட்டு விஷயம் சொல்ல ஆரம்பித்தால், "முடிவை மட்டும் சொல்" என்பேன்.

"ஏன்னா, நான் என்ன மீட்டிங்கா நடத்திண்டிருக்கேன்?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்கப்புறம் அவள் எதையும் சொல்வதில்லை. முகூர்த்தக் கதையையும் நிறுத்திவிட்டாள். வீடு அமைதியாகிவிட்டது. அதையும் நான் ஒரு முன்னேற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இத்தனை செய்தும் ஒரே ஒரு இடத்தில் ஒழுக்கு நிற்கவில்லை. அது அந்த பஸ்.

நான் திருந்திய சமயம் பார்த்து வினோதினிக்குத் தாமதம் ஆரம்பித்தது. அவளுக்குப் பெண் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவள் புருஷன் உதயசூரியனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் தொடர்ந்து இரவு ஷிப்டு. அவன் பஸ் அவனைக் கொண்டுவந்து இறக்க வேண்டும், அவன் வீட்டுக்கு நடக்க வேண்டும், குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு இவள் ரோட்டைத் தாண்டி ஓடிவர வேண்டும். அவன் பஸ் தாமதமானால் இவள் தாமதம். இவள் தாமதமானால் எங்கள் பஸ் தாமதம். இன்னொரு கம்பெனியின் ஷிப்டு தாமதம் எங்கள் கம்பெனிக்குள் இறக்குமதி ஆகிறது என்று நான் அப்போது விளக்கியிருந்தேன். யாருக்கு விளக்கினேன் என்று கேட்காதீர்கள், கண்ணாடிக்குத்தான்.

தாமதம் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். அதிகம் போனால் ஐந்து. அதனால் எனக்கு என்ன நஷ்டம் என்றும் கேட்பீர்கள். பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கேன்டீனில் ஜன்னலோர மேஜை காலியாக இருக்கும். டிவி போட்டிருக்க மாட்டார்கள். நான் பத்துப் பக்கம் படிப்பேன். தாமதமானால் இட்லிக்கு வரிசை நிற்கும், டிவி ஓடும், படிக்க முடியாது. இவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்று இருந்தால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும், எனக்கும் கௌரவமாக இருக்கும். ஆனால் இல்லை.

நான் முதலில் நல்லபடியாகத்தான் முயற்சி செய்தேன். பஸ்ஸில் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, நேரத்தைத் திட்டமிடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். முந்தின நாளே எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும் என்றேன்.

"எல்லாம் எட்து வெச்சிட்டுத்தான் சார் நிக்கிறேன்" என்றாள். "கொயந்தைய மட்டும் எட்து வெக்க முடியல. அது அப்பன் வந்தாத்தான் எறங்குது."

நான் ஒரு வீடியோவை அவளுக்கு அனுப்பினேன். பார்த்தாளா என்று மறுநாள் கேட்டேன். பாதியில் தூங்கிவிட்டதாகச் சொன்னாள். எனக்கு அவள் மேல் ஒரு வருத்தம் வந்தது.

பிறகு பச்சையப்பனிடம் பேசினேன். "அண்ணே, ஒருத்தருக்காக ஒரு பஸ்ஸே நிக்கணுமா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பொம்பளப் புள்ள சார். இருட்டுல ரோட்டோரமா வுட்டுட்டுப் போவ மனசு வருமா? உங்களுக்கும் நின்னவன்தான நானு."

இது சரியான வாதம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் அப்போது திருந்தாதவன். திருந்தாதவனுக்குச் செய்த சலுகையைத் திருந்தியவனிடம் சொல்லிக் காட்டுவது முறையில்லை. ஆனால் அவரிடம் வாதாடுவதும் விரயம்தானே என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஒருநாள் காலை அது தானாகவே என் வாயில் வந்தது. அவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, வினோதினி இன்னைக்கு லீவு. எனக்கு போன் பண்ணிச் சொல்லிட்டா" என்றேன். வண்டி உடனே கிளம்பியது. எனக்கே ஆச்சரியம். இத்தனை நாள் விளக்கம், வீடியோ, அறிவுரை எதுவும் செய்யாததை ஒரு சின்னப் பொய் செய்துவிட்டது. அன்று ஜன்னலோர மேஜையில் பத்துப் பக்கத்துக்கு மேலேயே படித்தேன். நேர்மை பற்றிய அத்தியாயம் என்று ஞாபகம்.

அவள் ஷேர் ஆட்டோ பிடித்து, மாறி, நடந்து, தாமதமாக வந்து சேர்ந்தாள். அரை நாள் சம்பளம் போயிற்று. "சார், இன்னிக்கு வண்டி சீக்கிரமே வந்துடுச்சா?" என்று என்னையே வந்து கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னும் சில நாட்கள் அப்படிச் செய்தேன். தினமும் இல்லை, அவள் தாமதமான நாட்களில் மட்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. தாமதக் கணக்கு ஏறினால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அவள் பயந்துபோயிருந்தாள். ஒருநாள் லைன் ஓரமாக என்னிடம் வந்து நின்றாள்.

"சார், தப்பா எட்துக்காதீங்க. நான் வர்றதுக்கு லேட்டாச்சின்னா நீங்க கொஞ்சம் படில கால வெச்சிகினு நில்லுங்க சார். நீங்க நின்னா பச்சையப்பண்ணன் எடுக்காது. ரோட்டாண்ட வந்ததும் நானே உங்களுக்கு போன் பண்றேன்."

"சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்வது? என் பாழாய்ப் போன சுபாவம், முகத்துக்கு நேராக யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. அதையும் பயிற்சி செய்து மாற்ற வேண்டும் என்று வைத்திருந்தேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்று எனக்கு ஏதாவது முக்கியமான வேலை இருந்ததா என்று முன்பு ஒருவர் கேட்டார். இல்லை. சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

மார்கழிப் பனி. எதிரே பெட்ரோல் பங்கின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வண்டி வந்து நின்றது. நான் ஏறி டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ரோடும், ரோட்டுக்கு நடுவில் இருக்கிற சுவரும் தெரியும். வண்டிக்குள் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு தூங்கினார்கள். பச்சையப்பன் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். முன் கண்ணாடியைத் துடைத்தார். பக்கக் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

"அண்ணே, நேரமாச்சு" என்று நான்தான் கூப்பிட்டேன். அவர் அதைத் துடைக்காமல் வந்து ஏறினார். பக்கக் கண்ணாடி பார்க்கவில்லை என்பதுதானே அவர் மேல் குற்றச்சாட்டு. அவர் பார்த்தார் சார். அதில் பனிதான் தெரிந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு வர்ல?" என்று கேட்டார். லீவு என்று சொல்ல முடியாது. முன்பு சொன்ன நாட்களில் அவள் தாமதமாக வந்து வேலை செய்தது அவர் காதுக்குப் போயிருந்தது. போனில் சரியாகக் கேட்கவில்லை என்று அப்போது சமாளித்திருந்தேன். அதனால் நான் வேறு மாதிரி சொன்னேன். "நீங்க கீழ இருந்தப்பவே ஏறிட்டா அண்ணே. பின்னால உக்காந்திருக்கா. போலாம், ரைட்."

சொல்லும்போது நான் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுச்சுவர் மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் போன். காதில் வைத்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைத்தான் என்று மதியம் தெரிந்தது. என் போன் காலையில் யார் கூப்பிட்டாலும் சத்தம் போடாது, அப்படி அமைத்து வைத்திருந்தேன். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்ததும் போனை இறக்கினாள். சிரித்தாள். பையோடு கையைத் தூக்கிக் காட்டினாள். சார் ஏறிவிட்டார், இனி வண்டி போகாது என்கிற சிரிப்பு. நானும் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர் கை காட்டினால் நாமும் காட்டுவோம் இல்லையா, அப்படித்தான். அதை அவள் வா என்று எடுத்துக்கொண்டிருப்பாள். சுவரிலிருந்து இறங்கினாள்.

வண்டி நகர்ந்தது. அவள் ஓடி வந்தாள். புதுக் கார்களை அடுக்கி ஏற்றிப் போகிற நீளமான டிரெய்லர் ஒன்று எங்களைத் தாண்டிக்கொண்டு வந்தது. சத்தம் பெரிதாக இல்லை. அந்த வண்டிகள் எப்போதும் தடதடவென்றுதான் போகும், அதிலேயே கலந்துவிட்டது. டிரெய்லர் நிற்கவில்லை. டிரைவருக்குத் தெரிந்ததோ என்னவோ. எனக்குத் தெரிந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், பனியில் சாப்பாட்டுப் பை மட்டும் தனியாக ரோட்டில் கிடந்தது. அவள் கொஞ்சம் தள்ளிக் கிடந்தாள். கை அசைந்தது.

அப்போது நான் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்னால் வண்டி நிற்கும், எல்லோரும் எழுவார்கள், இறங்குவார்கள், ஆஸ்பத்திரி, போலீஸ், ஏறிவிட்டாள் என்று ஏன் சொன்னாய் என்ற கேள்வி, அன்றைய காலை முழுவதும் போய்விடும். அது ஒரு நிமிடமாக நிற்காது. நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஹெட்போனைப் போட்டுக்கொண்டேன். அன்றைய பாடம் நன்றியுணர்வு.

ஜோயல் என்கிற ஷேர் ஆட்டோக்காரர் அந்தப் பக்கமாக வந்தவர் பார்த்துத் தூக்கிப் போயிருக்கிறார். வழியில் தண்ணீர் கேட்டாளாம். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போயிற்று. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. டாக்டர்கள் இதில் எப்போதும் துல்லியமாக இருப்பதில்லை.

சாவுக்குப் போனேன். கம்பெனி சார்பில் மாலை வாங்கிப் போகும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், எப்படியும் அதே வழியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். உதயசூரியன் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களப் பத்தித்தான் சார் சொல்லிகினே இருக்கும். சார் ஏறிட்டார்னா பயமில்ல, வண்டிய நிறுத்தி வெச்சிருப்பாருன்னு சொல்லும். அன்னிக்கு ஏன் சார் நிக்கல?"

நேரத்தை யாராலும் நிறுத்த முடியாது உதயா என்றேன். அவன் அழுதான். அங்கே எழுந்து போக இடமில்லாமல் உத்தேசித்ததை விட அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது கம்பெனிக் கூட்டம். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு சார். எது தப்பாகப் போனாலும் ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலையும் பிடித்துக்கொண்டு அடுத்த ஏன். கடைசி ஏனுக்குக் கிடைக்கிற பதில்தான் மூல காரணம். அதை நடத்திக்கொடுப்பதில் இந்தக் கம்பெனியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அதனால் வினோதினி விபத்தையும் என்னிடமே கொடுத்தார்கள். மறுக்கலாமா என்று நினைத்தேன். மறுத்தால் இரண்டு கூட்டம் கூடுதலாக நடக்கும்.

ஏன் அடிபட்டாள்? ரோட்டில் ஓடினாள். ஏன் ஓடினாள்? பஸ் கிளம்பிவிட்டது. ஏன் கிளம்பியது? டிரைவர் பக்கக் கண்ணாடியில் பார்க்கவில்லை, அதைத் துடைக்காமலே ஏறியது பெட்ரோல் பங்க் கேமராவில் தெரிகிறது. பச்சையப்பனைக் கூப்பிட்டார்கள். "ஏறிட்டான்னு சார்தான் சொன்னாரு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏறாத பெண்ணை ஏறிவிட்டாள் என்று வைகுந்த் சார் ஏன் சொல்லப் போகிறார் என்று எழிலரசன் கேட்டான். நான் ஹெட்போன் போட்டிருந்தேன், ஞாபகமில்லை என்றேன். அந்த ஏன் அங்கேயே நின்றுவிட்டது. பச்சையப்பனை, கம்பெனிக்கு பஸ் விடுகிற டிராவல்ஸ்காரர் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். எல்லா நிறுத்தத்திலும் ஒரு பலகை வைத்தோம். "ஐந்து நிமிடம் முன்னால் வாருங்கள், உயிரைக் காத்துக்கொள்ளுங்கள்." வாசகம் என்னுடையது.

பச்சையப்பன் அதற்கப்புறம் என்னிடம் ஒரே ஒரு முறை பேசினார். கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "சார், மெய்யாவே ஏறிட்டான்னு நென்ச்சிங்களா? அத மட்டும் சொல்லிடுங்க. ராத்திரில தூக்கம் வர்ல" என்றார். ஞாபகமில்லை என்று நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவரிடமும் சொன்னேன்.

இப்போது உங்களிடம் மாற்றிச் சொல்கிறேன், பதிந்துகொள்ளுங்கள். அவள் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டேதான் ரைட் சொன்னேன். அடிபட்டதையும் பார்த்தேன். உயிர் இருப்பதையும் பார்த்தேன். பச்சையப்பன் மேல் எந்தத் தப்பும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, ஐந்தாவது ஏன். மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். பச்சையப்பனை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. ஆனால் உண்மையைப் பேசுவது என்று வந்த பிறகு அதை முழுசாகப் பேசிவிட வேண்டும்.

புது டிரைவர் வந்ததிலிருந்து எதுவும் சரியில்லை சார். அவர் பயந்த ஆள். வருகிறவர், வராதவர் எல்லோருக்காகவும் நிற்கிறார். மூன்று கண்ணாடியையும் துடைத்த பிறகுதான் ஏறுகிறார். இன்னொரு விஷயம். சேரப்பணஞ்சேரியில் இப்போது ஏறுகிறவன் நான் ஒருவன்தான். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நிற்கிறார். யாரும் வரப்போவதில்லை, அவருக்கும் தெரியும். வண்டியில் தூங்குகிறவர்கள் கூட அந்த ஒரு நிமிடம் விழித்து உட்கார்ந்து, அந்த நடுச்சுவரைப் பார்க்கிறார்கள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கேன்டீனில் ஜன்னலோர மேஜை கிடைத்து மாதக்கணக்காகிறது.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள், ஆனால் பச்சையப்பனை எங்கள் பஸ்ஸுக்கே திரும்பப் போடச் சொல்லுங்கள். நல்ல டிரைவர் சார் அவர். வினோதினி ஒருத்திக்காகத்தான் நிற்பார். இனி அவருக்கும் நிற்க வேண்டிய அவசியம் இருக்காது.